மீட்டரில் 68 காட்டி என்னிடம் 31,500 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, வைத்திருக்கிற கிட்டார்காரர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். போன சனிக்கிழமை ராத்திரி நடந்தது இது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன், கல்யாண வரவேற்பு கிடைத்தால் அதற்கும் போவேன். என்னிடம் இருப்பது ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ். 40 வாட், 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று, 6எல்6 பவர் வால்வு இரண்டு, 12ஏஎக்ஸ்7 என்கிற சின்ன வால்வு மூன்று. மச்சான் துபாயை முடித்துக்கொண்டு வந்தபோது கொண்டுவந்து, "நீ வாசி மாப்ள" என்று என்னிடம் விட்டுவிட்டான். எட்டு வருஷமாக அதில்தான் வாசிக்கிறேன்.

இந்த வருஷம் சத்தம் மொத்தையாகிவிட்டது. மேல் கம்பிகளின் கணீர் போய்விட்டது. ஸ்பீக்கர் பேப்பரும் ஓரத்தில் நைந்திருந்தது. எங்கள் உப்புக்காற்றில் இதெல்லாம் நடக்கிறதுதான். சரி, ஒரேயடியாக வால்வு ஐந்தையும் மாற்றி, நல்ல ஸ்பீக்கரும் போட்டு, பயஸும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பயஸ் என்றால் தெரியாதவர்களுக்கு: நீங்கள் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே பவர் வால்வு வழியாக எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று வைக்கிற அளவு. படகு நங்கூரத்தில் நிற்கும்போது எஞ்சினுக்கு ஐட்லிங் வைக்கிற மாதிரி. குறைந்தால் சத்தம் செத்துப்போகும், கூடினால் வால்வே வெந்துபோகும்.

பெரிய நகரம் ஒன்றில் ஆம்ப் சர்வீஸ் செய்கிற கடை, சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்திருக்கிறார்கள். பேர் போடவில்லை, போட்டால் என் மேல் கேஸ் போடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பக்கம் முழுக்க மினுமினுக்கிற வால்வு படங்கள்தான். போன் போட்டேன். பேசியவர் அப்படி மரியாதையாகப் பேசினார். "அண்ணே, கோயில்ல வாசிக்கிறவங்க நீங்க. உங்ககிட்ட லாபம் பார்த்தா எனக்கு விளங்குமா?" என்றார். இந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். நான் வேறு யாரிடமும் விலைகூட விசாரிக்கவில்லை.

கணக்கு சொன்னார். ஒரே அளவில் கரண்ட் இழுக்கிற மாதிரி ஜோடி சேர்த்த 6எல்6 இரண்டு 6,800. சின்ன வால்வு மூன்று 6,700. இங்கிலாந்து கம்பெனி ஸ்பீக்கர், 60 வாட், 8 ஓம் (ஓம் என்பது கரண்டைத் தடுக்கிற அளவு, ஆம்புக்குப் பொருந்த வேண்டும்), 13,500. பயஸ் வைக்கிறதோடு சேர்த்து வேலைக்கூலி 4,500. மொத்தம் 31,500 ரூபாய், முழுசாக முன்பணம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸும் ஓடாது, எனக்குப் பாதிச் சம்பளம்தான். இரண்டு வருஷம் வரவேற்புகளில் வாசித்துச் சேர்த்த காசு அந்த 31,500.

பணத்தையும் ஆம்பையும் அனுப்பிவைத்தேன். பத்து நாளில் ஒரு வீடியோ வந்தது. ஆம்ப் திறந்து கிடக்கிறது, மீட்டரின் சிவப்பு முனையை உள்ளே ஓர் இடத்தில் வைக்கிறார், 68 மில்லிவோல்ட் என்று காட்டுகிறது. இந்த மாடலில் அங்கே 1 ஓம் ரெசிஸ்டர் (கரண்டைத் தடுக்கிற சின்னப் பாகம்) இருக்கிறது, அதனால் மில்லிவோல்ட் எவ்வளவோ அவ்வளவு மில்லிஆம்ப் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டு வால்வுக்கும் சேர்த்து 60-லிருந்து 70-க்குள் இருந்தால் சரி. நானே படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். 68-ஐப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. பாடற்குழு குரூப்பில்கூட அந்த வீடியோவைப் போட்டேன்.

அந்த வீடியோவை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது. அதிலிருந்த இரும்புச் சட்டம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. என் ஆம்பின் சட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு ஏறியிருக்கும். தீவில் எட்டு வருஷம் கிடந்த இரும்பு அப்படிப் பளபளக்குமா? அது வேறு யாருடைய ஆம்ப்போ.

பார்சல் வந்தது. சனிக்கிழமை திருவிழா ஒத்திகை. வாசிக்க ஆரம்பித்து இருபது நிமிஷம் இருக்கும், சத்தம் கரகரத்தது, அப்புறம் ஒரு ஊமை இரைச்சல். டிரம்ஸ் தம்பிதான், "அண்ணே, பின்னாடி பாருங்க" என்று கத்தினான். இடது பக்க வால்வுக்குள் இருக்கிற சாம்பல் நிறத் தகடு, கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி நடுவில் சிவந்து கிடந்தது. பக்கத்து வால்வு ஒன்றுமே தெரியாத மாதிரி இருந்தது. சுவிட்சுக்குக் கை போவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. கருகின வாடை பாடகர்கள் நிற்கிற இடம் வரைக்கும் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு ராத்திரியே போன். எடுக்கவில்லை. ஞாயிறு எடுத்து, "பார்சல்ல ஆடியிருக்கும்ணே" என்றார். திங்கள், "உங்க ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்கும், நாங்க என்ன பண்றது". அன்று சாயங்காலமே, "கடலோரத்துல உப்புக்காத்து, வால்வு அப்படித்தான் போகும்". வந்து நாலு நாள் ஆன வால்வு உப்புக்காற்றில் போகுமா? செவ்வாய்க்கிழமை வேறு ஒருவர் எடுத்து, மாஸ்டர் வெளியூர் போயிருக்கிறார், வால்வுக்கு வாரண்டி கிடையாது, மறுபடி பயஸ் வைக்க 4,500 அனுப்புங்கள் என்கிறார். என் பழைய வால்வையும் பழைய ஸ்பீக்கரையுமாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அதெல்லாம் குப்பையில போட்டாச்சு". அவர்களுடைய வலைத்தளப் பக்கத்தில் கமெண்ட் போட்டேன், அழித்தார்கள். அப்புறம் பிளாக். 31,500 ரூபாயை வாங்கிக்கொண்டு பிளாக்.

பாம்பனில் எங்கள் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி கேட்ட காலத்தில் வால்வு ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். புதன்கிழமை அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஆம்பைத் திறந்ததும், "கை வைக்காதே, பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சருக்குள்ள 400 வோல்ட் நிக்கும்" என்று என்னைத் தள்ளி உட்காரவைத்தார். கண்டென்சர் என்பது மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற பாகம். ஒரு ரெசிஸ்டரை வைத்து அந்த வோல்டேஜை இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் தொட்டார்.

முதலில் இரண்டு பவர் வால்வையும் வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே ஒரே கம்பெனி எழுத்து, உள்ளே தகட்டின் வடிவம் வேறு வேறு. ஒன்றின் உச்சியில் வெள்ளிப் பூச்சு ஓரத்தில் பழுப்பேறித் தேய்ந்திருந்தது. "இது நல்லா உழைச்ச வால்வுப்பா. எழுத்தை மட்டும் புதுசா அடிச்சிருக்கான்". கருகின ரெசிஸ்டரையும் ஃபியூஸையும் மாற்றி, கோயிலிலிருந்து ஒரு 8 ஓம் ஸ்பீக்கர் கொண்டுவந்து மாட்டி, வால்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்தார். வலது பக்கம் 34 மில்லிஆம்ப். இடது பக்கம் 91, பார்த்தவுடன் அணைத்துவிட்டார். தகட்டில் 420 வோல்ட். 91 மில்லிஆம்பை அதோடு பெருக்கினால் 38 வாட் வருகிறது. 6எல்6 ஜிசி வால்வின் தகடு தாங்குகிற அளவே 30 வாட்தான். இரண்டும் சேர்த்து 125 மில்லிஆம்ப். என் ஆம்பில் யாருமே பயஸ் வைக்கவில்லை.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை உலுக்கியது. உள்ளே இருக்கிற அந்த ஒரு இடத்தில் வருவது இரண்டு வால்வின் கூட்டுத்தொகை. ஒன்று 18, இன்னொன்று 50 என்று கோணலாக இழுத்தாலும் அங்கே 68 என்றுதான் காட்டும். ஆக, அந்த வீடியோ என் ஆம்பாகவே இருந்திருந்தாலும் ஜோடி சரியா என்பதற்கு அது சாட்சி இல்லை.

ஸ்பீக்கர் அதைவிடக் கொடுமை. 8 ஓம் ஸ்பீக்கரின் இரண்டு முனையில் மீட்டர் வைத்தால் ஆறு, ஆறரை காட்டும். இதில் 3.4. அப்படியென்றால் 4 ஓம். காந்தத்தின் மேல் இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தைப் பெரியப்பா நகத்தால் நெம்பினார், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், ஏதோ மைக் செட் பாக்ஸுக்குப் போடுகிற மட்ட ரகம். அதற்கு 13,500.

சின்ன வால்வு மூன்றில் ஒன்றின் கண்ணாடியில் பச்சை மார்க்கர் கோடு ஒன்று இருக்கிறது. அது மச்சான் துபாயில் போட்டது. என் வால்வை எனக்கே விற்று 6,700 வாங்கியிருக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். மணி ஒன்றாகிவிட்டது, காலையில் வேலைக்குப் போக வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் வால்வு, ஸ்பீக்கர், சட்டம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு அடையாளம் போடுங்கள். பழைய பொருள் திரும்பி வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். வந்ததும் ஸ்பீக்கரை மீட்டரில் பாருங்கள், முதல் அரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு வால்வைப் பாருங்கள், தகடு சிவந்தால் உடனே நிறுத்துங்கள். தெரியாமல் நீங்களே திறக்காதீர்கள், உயிர் போகும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கிறது, 31,500 என்று. கொடியேற்றம் வருகிற வெள்ளிக்கிழமை. கோயில் ஸ்பீக்கரை நாளைக்கே திருப்பி மாட்ட வேண்டும். பாம்பன், மண்டபம், ராமநாதபுரம் பக்கம் யாரிடமாவது 12 இன்ச் 8 ஓம் ஸ்பீக்கரும் ஒரு ஜோடி 6எல்6-ம் சும்மா இருந்தால் பத்து நாளைக்குக் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.