ஃப்ளோசார்ட் வரைய டிரா.ஐஓ: தொடங்குபவர்களுக்கு ஒரு விமர்சனம்

ஒரு வேலையின் படிகளைப் பெட்டியும் அம்புமாகக் காட்டும் ஃப்ளோசார்ட்டை வரைய எதில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது டிரா.ஐஓ என்ற வரைபட மென்பொருளைத்தான். இலவசம் என்பது ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அது இல்லை. பிரவுசரில் திறந்தால் நேராக வரைய ஆரம்பித்துவிடலாம், கணக்குத் தொடங்கு, மின்னஞ்சல் கொடு என்று வாசலிலேயே நிறுத்தாது, படம் பாதி வளர்ந்த பிறகு இதற்கு மேல் பெட்டி போட வேண்டுமென்றால் சந்தா கட்டு என்று மறிக்காது. கோப்பை எங்கே வைப்பது என்பதையும் நம்மிடமே கேட்கும்: கணினியிலா, கூகுள் டிரைவிலா, ஒன்டிரைவிலா, நிரல் எழுதுபவர்கள் கோப்பு வைக்கும் கிட்ஹப்பிலா என்று. முதல் நாள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இடையில் 2020-இல் டயகிராம்ஸ்.நெட் என்று பெயரை மாற்றினார்கள், ஆனாலும் பழைய பெயர் போகவில்லை, அதனால் இரண்டு பெயரையும் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே மென்பொருள். பிரவுசர் வேண்டாம் என்பவர்களுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனிச் செயலி இருக்கிறது, இணையம் இல்லாமலே ஓடும். அலுவலக ரகசியம் உள்ள படம் என்றால் அந்தச் செயலியைத்தான் பரிந்துரைப்பேன்.

திறந்ததும் இடது பக்கம் வடிவங்களின் பெரிய பட்டியல் வரும். நெட்வொர்க், மின்சுற்று, மேகக் கணிமை, மென்பொருள் வடிவமைப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு சாதாரண ஃப்ளோசார்ட்டுக்கு நான்கு வடிவம் போதும்: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் முனை வளைந்த பெட்டி, ஒரு வேலைக்குச் செவ்வகம், ஒரு முடிவெடுக்கும் இடத்துக்கு வைரம், உள்ளே வரும் அல்லது வெளியே போகும் தகவலுக்கு இணைகரம். வேலையைப் படிப்படியாகக் குறிகள் போட்டுக் காட்டும் முறையை ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921-லேயே அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தின் முன் வைத்தார்கள். நாம் இன்று போடும் வடிவங்களுக்கு ஐஎஸ்ஓ 5807 என்று 1985-இல் வந்த சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. ஆகவே பார்க்க அழகாக இருக்கிறதே என்று சாதாரண வேலைக்கு வைரத்தைப் போடாதீர்கள். படிப்பவர் அங்கே ஒரு கேள்வியைத் தேடுவார், கேள்வி இருக்காது, படத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

சரி, வடிவம் எளிது. இந்த மாதிரி மென்பொருளில் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது கோடுகளைத்தான். புதிதாக வருபவர்கள் பெட்டிகளை இழுத்துப் போட்டுவிட்டு, தனியாக ஒரு அம்புக்குறியை எடுத்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் வைத்துவிடுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், ஒரு பெட்டியை நகர்த்தும் வரை. பெட்டி போய்விடும், அம்பு அங்கேயே தொங்கும். கோடு பெட்டியோடு ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் வேர்டிலோ பவர்பாயிண்டிலோ சும்மா கோடு இழுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே.

டிரா.ஐஓவில் ஒட்டுவது இரண்டு விதம், இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கோட்டின் முனையைப் பெட்டியின் மேல் கொண்டுபோகும்போது பெட்டியின் ஓரம் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தால், கோடு அந்தப் பெட்டியோடு மட்டும் பிணைகிறது. பெட்டியை எங்கே நகர்த்தினாலும் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கமாகத் தானே வந்து சேரும். ஓரத்தில் இருக்கும் சின்னப் புள்ளியில் போய் நின்று அது பச்சையாகத் தெரிந்தால், கோடு அந்தப் புள்ளியோடே பிணைகிறது, பெட்டி எங்கே போனாலும் அந்த இடத்தை விட்டு நகராது. செவ்வகங்களுக்கு நான் நீலத்தைத்தான் விடுவேன். வைரத்துக்குப் பச்சைதான், ஏனென்றால் ‘ஆம்’ எப்போதும் கீழே, ‘இல்லை’ எப்போதும் வலது பக்கம் என்று படம் முழுக்க ஒரே ஒழுங்கு இருந்தால்தான் கண் தடுமாறாமல் ஓடும். கோட்டின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் அதிலேயே எழுதலாம், ‘ஆம்’, ‘இல்லை’ எல்லாம் அப்படித்தான் எழுத வேண்டும், தனி எழுத்துப் பெட்டி போட்டுப் பக்கத்தில் வைத்தால் அதுவும் ஒருநாள் தனியாகத் தொங்கும்.

வேகத்துக்கு ஒரு வழி: ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்பை அழுத்துங்கள். அதே மாதிரி இன்னொரு பெட்டி கீழே வரும், கோடும் போட்டிருக்கும். எழுதுங்கள், மறுபடி அழுத்துங்கள். மவுசைத் தொடாமலே நீளமான ஒரு நடைமுறையை வரிசையாக இறக்கிவிடலாம். நடுவில் ஒரு செவ்வகம் வைரமாக வேண்டும் என்றால் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை, இடது பட்டியலிலிருந்து வைரத்தை இழுத்து அந்தச் செவ்வகத்தின் நடுவில் சற்று நிறுத்தினால் மாற்றுவதற்கான குறி தோன்றும், அதில் விட்டால் வடிவம் மட்டும் மாறும், எழுத்தும் கோடுகளும் அப்படியே இருக்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்த வசதி.

இனி நிஜமான ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம், ஒரு அலுவலகத்தில் விடுப்புக்கு விண்ணப்பிக்கும் நடைமுறை. ஊழியர் விண்ணப்பிக்கிறார், மேலாளர் பார்க்கிறார், அனுமதித்தால் மனிதவளப் பிரிவு பதிவு செய்கிறது. வாயால் சொன்னால் ஒரே வரி. இதை ஸ்விம்லேன் வடிவத்தில் மூன்று பட்டைகளாகப் போட்டு, ஒவ்வொரு வேலையையும் அதைச் செய்பவரின் பட்டைக்குள் வையுங்கள் (பட்டையின் மேல் கொண்டுபோகும்போது அதன் ஓரம் ஒளிரும், அப்போது விட்டால் பெட்டி பட்டைக்குச் சொந்தமாகிவிடும், பட்டையை நகர்த்தினால் கூடவே வரும்). விடுப்பு மீதி இருக்கிறதா என்ற வைரத்தைப் போட வரும்போதுதான் கேள்வி எழும்: அதைப் பார்ப்பது யார்? அனுமதிக்கும் முன் மேலாளரா, அனுமதித்த பிறகு மனிதவளப் பிரிவா? ஏதோ ஒரு பட்டையில் வைத்தே ஆக வேண்டும். வைத்த பிறகு, மீதி இல்லை என்றால் படிவம் யாரிடம் திரும்புகிறது? மேலாளரே விடுப்பில் இருந்தால்? இதெல்லாம் வாயால் சொல்லும்போது யாருக்கும் தோன்றாத கேள்விகள். அதனால் வைரம் ஒன்றைப் போட்டதுமே அதிலிருந்து கிளம்பும் எல்லாக் கோடுகளையும் உடனே இழுத்துவிடுங்கள், போய்ச்சேரும் இடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு காலிப் பெட்டியில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். அந்தக் கேள்விக்குறியோடு சம்பந்தப்பட்டவரிடம் போய் உட்கார்ந்தால் கிடைக்கும் பதில்தான் அந்தப் படத்தின் மதிப்பு.

தோற்றம் பற்றிச் சொல்ல வேண்டும். டிரா.ஐஓ தானாகத் தரும் தோற்றம் சோகையாக இருக்கும், கறுப்புக் கோடு, வெள்ளைப் பெட்டி. ஒரு பெட்டியை உங்களுக்குப் பிடித்த நிறம், எழுத்து, கோட்டுத் தடிமனோடு அமைத்துவிட்டு, வலது பக்கப் பலகத்தில் அதையே இயல்புநிலையாக வைக்கச் சொன்னால் அதற்குப் பின் போடும் எல்லாம் அதே சாயலில் வரும். ஏற்கெனவே போட்டவற்றுக்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தித் தோற்றத்தை நகலெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தி ஒட்டலாம். நிறம் மூன்றுக்கு மேல் போகவே கூடாது என்பது என் கருத்து, அதிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் வெட்டும் இடத்தில் சின்ன வளைவு போடும் வசதி இருக்கிறது, அழகாகவும் இருக்கும், ஆனால் நாலைந்து இடத்தில் அது தேவைப்பட்டால் படத்தை வேறு மாதிரி அடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. யூனிகோடு எழுத்து அப்படியே வரும். ஆனால் நம் சொற்கள் நீளமானவை, ‘விண்ணப்பத்தைச் சரிபார்த்தல்’ என்று எழுதினால் வழக்கமான அகலப் பெட்டிக்குள் அடங்காமல் பிதுங்கும், எனவே முதலிலேயே அகலமான பெட்டியை இயல்புநிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவையும் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. விட்டுவிட்டால் ஒவ்வொரு கணினியும் தன்னிடம் இருக்கும் தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும், உங்கள் திரையில் கச்சிதமாக இருந்த வரி இன்னொருவர் திரையில் உடைந்து நிற்கும். எழுத்துருப் பட்டியலில் நாமே ஒன்றைச் சேர்க்கும் இடத்தில் கூகுள் எழுத்துருவின் பெயரைக் கொடுக்கலாம், நோட்டோ சான்ஸ் தமிழ் தெளிவாக இருக்கிறது.

வரைந்ததை வெளியே எடுக்கும் இடத்தில் ஒரு நல்லதும் ஒரு தொல்லையும் இருக்கிறது. நல்லது, பிஎன்ஜி படமாக எடுக்கும்போது வரைபடத்தின் நகலை உள்ளேயே வைக்கும் தேர்வு. அதை டிக் செய்து எடுத்த படத்தை மறுபடி டிரா.ஐஓவில் திறந்தால் பெட்டி, கோடு எல்லாம் உயிரோடு வரும், திருத்தலாம். ஆறு மாதம் கழித்து அறிக்கையில் ஒரு பெட்டியை மாற்றச் சொல்வார்கள், மூலக்கோப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்காது. வெளியாளுக்கு அனுப்பும் படத்தில் மட்டும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் மறைத்து வைத்த அடுக்குகளும் (லேயர்கள்) அந்த நகலோடு சேர்ந்து போகும். பெரிதாக அச்சிடுவதென்றால் எடுக்கும்போதே ஜூமை இருநூறு, முந்நூறு சதவீதம் வைத்தால் எழுத்து மங்காது.

தொல்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி படமாக எடுப்பதில். எழுத்துக்கு வடிவூட்டலும் வரி மடிப்பும் இருந்தால் அந்த எழுத்தை இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லாக உள்ளே வைக்கிறது, பிரவுசரில் திறந்தால் நன்றாகத் தெரியும், ஆனால் வேறு பல மென்பொருள்களில் எழுத்து வராது, எழுத்தைக் காட்ட முடியவில்லை என்ற ஆங்கில வரிதான் கீழே நிற்கும். எல்லாப் பெட்டிகளையும் தேர்ந்தெடுத்து, எழுத்துப் பலகத்தில் வடிவூட்டல், வரி மடிப்பு இரண்டையும் அணைத்துவிட்டு எடுத்தால் சரியாகும், ஆனால் அப்புறம் வரிகளை நாமே உடைக்க வேண்டும். அச்சுக்குப் போவதென்றால் பிடிஎஃப் எடுத்துவிடுவதே நிம்மதி.

கையால் வரையவே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. அரேஞ்ச் மெனுவில் இன்சர்ட்டுக்குள் போய், அட்வான்ஸ்டில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்து எழுதும் தகவல்) என்று இருப்பதைத் திறந்தால் ஒரு மாதிரி உரை வரும், மேலே ஹேஷ் குறியோடு அமைப்பு வரிகள், கீழே தகவல். அதில் ஊழியர் பெயரும் அவருடைய மேலதிகாரி யார் என்பதும் கொடுத்தால் நிறுவனப் படிநிலைப் படம் தானாக வந்து நிற்கும். படத்தை எழுத்தாலேயே விவரிக்கும் மெர்மெய்டு உரையையும் இதே வழியில் கொடுக்கலாம்.

குறைகளில் பெரியது தானியங்கி அடுக்கல். லேஅவுட் மெனுவில் செங்குத்து, கிடைமட்டம் என்று இருக்கிறது, சின்னப் படத்துக்கு ஓடும், கிளைகள் நிறைய இருந்தால் கோடுகளைப் பெட்டிகளுக்கு மேலேயே விட்டுவிடும். அந்த வேலைக்கு யெட் (yEd) என்று ஒய்வொர்க்ஸ் நிறுவனத்தின் இலவச மென்பொருள் எவ்வளவோ மேல், முகப்பு பழைய பாணியில் இருக்கும், ஆனால் நூறு பெட்டிகளைக் கொட்டி அடுக்கச் சொன்னால் அடுக்கித் தரும். குழுவாகச் சேர்ந்து வரைந்து, ஒருவருக்கொருவர் கருத்து எழுதி, உடனுக்குடன் திருத்துவதுதான் உங்கள் வேலை என்றால் லூசிட்சார்ட் என்ற இணைய மென்பொருளில் அது வழவழப்பாக நடக்கும், இலவசக் கணக்கில் ஆவணங்களுக்கு வரம்பு வைத்திருப்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுபவர்கள் படத்தையும் உரையாகவே வைத்துக்கொள்ள விரும்பினால் நேராக மெர்மெய்டுக்குப் போகலாம், 2022 முதல் கிட்ஹப்பே அதைப் படமாகக் காட்டுகிறது. பை சார்ட், பார் சார்ட் மாதிரி எண்களிலிருந்து வரும் படங்களுக்கு இவை எதுவுமே பொருத்தம் இல்லை, எக்செல்லிலோ வேறு விரிதாளிலோ போட்டுப் படமாகக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

விசியோ என்ற பழைய வரைபட மென்பொருளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 1992-இல் வந்தது, 2000-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது, இந்தத் துறையில் பலரும் பழகியது அதில்தான், எக்செல் தகவலோடு படத்தை இணைப்பதில் இன்றும் பலம் உள்ளது. ஆனால் முழு வசதி உள்ள டெஸ்க்டாப் பதிப்பு விண்டோஸில் மட்டும்தான், தனியாகக் காசு கொடுக்க வேண்டும், தொடங்குபவருக்கு அவசியமே இல்லை. அலுவலகம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். யாராவது விசியோ கோப்பை அனுப்பினால் டிரா.ஐஓவிலேயே திறந்து பார்க்கலாம், பெட்டிகளும் கோடுகளும் பெரும்பாலும் ஒழுங்காக வரும், எழுத்தின் இடமும் விசேஷ வடிவங்களும் கொஞ்சம் பிசகலாம். திருத்தி மறுபடி விசியோ கோப்பாகவே கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் டிரா.ஐஓவை நம்பி இறங்க வேண்டாம், அந்த ஒரு வேலையை விசியோவிலேயே செய்துவிடுங்கள்.