பில்லில் புது பம்பர், வண்டியில் பட்டி பார்த்த பழைய பம்பர்

டிங்கரிங் பட்டறையில் கார் விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 11,800 ரூபாய் கொடுத்து நான் மாற்றிய பின்பக்க பம்பர் மாற்றப்படவே இல்லை. அது எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது. வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து நானே கழற்றியிராவிட்டால் இன்றுவரை தெரிந்திருக்காது.

என்னுடையது 2019 ஆகஸ்டில் வாங்கிய மாருதி சுசுகி ஸ்விஃப்ட், 2018-இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை. வண்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீளம் 3,840 மி.மீ., எஞ்சின் 1,197 சி.சி. இரண்டுமே நாலு மீட்டர், 1,200 சி.சி. என்ற சிறிய கார் வரம்புக்குள் அடங்குவதால் வரியும் குறைவு. 4.8 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும் என்பதால் திருச்சி சந்துகளில் எங்கே நுழைந்தாலும் வெளியே வந்துவிடலாம். அந்தத் தைரியம்தான் வினையாக முடிந்தது. 2024 நவம்பரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பின்னால் எடுக்கும்போது கருங்கல் தூணில் மோதினேன். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம் என்பதால் என் வண்டியிலும் அது உண்டு. சென்சார் கத்தியது, என் மனைவியும் கத்தினார். இருவரையும் நான் கேட்கவில்லை.

வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். தெரிந்தவர் சொன்ன பட்டறைக்குக் கொண்டுபோனேன். உரிமையாளர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது பட்டி பார்த்தால் நிற்காது. பிளாஸ்டிக் கிழிந்துவிட்டது. ஒரிஜினலே போட்டுவிடலாம்" என்றார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்ததே அந்தப் பேச்சால்தான். பம்பர் 4,200, அதன் ஓரத்தைத் தாங்கும் பக்கவாட்டு பிராக்கெட் 900, பெயின்ட் 5,500, கூலி 1,200 என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஜி.எஸ்.டி. பில் கேட்டபோது, "அது போட்டால் வரி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். தலையாட்டினேன். முதல் தவறு அது.

இன்சூரன்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். நாம் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் தேய்மானமில்லாத பாலிசி என்னிடம் இல்லை. க்ளெய்ம் செய்தால் க்ளெய்மே செய்யாமல் ஐந்து வருடமாகச் சேர்த்த 50 சதவீத பிரீமியத் தள்ளுபடியும் (நோ க்ளெய்ம் போனஸ்) போய்விடும். அதனால் கைக்காசு. க்ளெய்ம் செய்திருந்தால், சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் என்று இன்னொரு ஜோடிக் கண்ணாவது அந்தப் பம்பரைப் பார்த்திருக்கும்.

நான்காம் நாள் வண்டி பளபளவென்று வந்தது. பழைய பம்பர் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. இது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. கைக்காசு கொடுத்து மாற்றும்போது பழைய பாகம் உங்களுடையது. வேலையைத் தொடங்கும் முன்பே "பழையதை டிக்கியில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே பாதிப் பேர் ஒழுங்காக வேலை செய்வார்கள்.

2025 மே மாத வெயிலில் வலது மூலையில் பெயின்ட் வட்டமாக உப்பியது. பின்னால் ஒன்றுமே இல்லாதபோதும் சென்சார் அலறத் தொடங்கியது. சக்கர வளைவருகே பம்பருக்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றியே பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பத்து நம்பர் ஸ்பேனர், ப்ளஸ் ஸ்க்ரூ டிரைவர், கிளிப்பை நெம்ப ஒரு தட்டையான பிளாஸ்டிக் பட்டை, மறுமுனையைத் தாங்க ஓர் ஆள் போதும். எனக்கு ஆள் என் மகன். பிடிப்புகள் மூன்று பக்கம் இருக்கும்: மேலே டிக்கி ஓரம், கீழே அடிப்பக்கம், இரு சக்கர வளைவுகளின் உள்விளிம்பு. பின்விளக்குகளைக் கழற்றிவிட்டால் மேலே கை போக வசதி. பிளாஸ்டிக் கிளிப்பில் நடு ஊசியை முதலில் எழுப்ப வேண்டும், பிறகுதான் முழுதாக வெளியே எடுக்க வேண்டும். நேராகப் பிடுங்கினால் உடைந்துவிடும். நான் முதல் இரண்டை உடைத்துத்தான் கற்றுக்கொண்டேன். எல்லாம் எடுத்தபின் பம்பரைப் பின்னால் இழுக்கக் கூடாது. சக்கர வளைவு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் வெளியே இழுத்தால் டப், டப் என்று பூட்டுகள் விடுபடும். முழுதாக எடுக்கும் முன் சென்சார் வயர் கனெக்டரைக் கழற்ற மறக்காதீர்கள். முன்பக்க பம்பரில் இதையே முயலவேண்டாம். ஏர்பேக்குக்கான உணரிகள் அந்தப் பக்கம் இருக்கும், தெரிந்தவர் கையில் விடுவதே நல்லது.

இடது பக்கம் ஒழுங்காக விடுபட்டது. வலது பக்கம் அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், பிராக்கெட் இருக்கவேண்டிய இடத்தில் அதே உடைந்த பழைய பிராக்கெட். அது தாங்காது என்பதால் பம்பர் விளிம்பைத் துளைத்து, பாடித் தகட்டிலேயே இரண்டு ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். தகட்டில் போட்ட துளையைச் சுற்றி அதற்குள் துரு ஏறியிருந்தது. ஏமாற்றியதைவிட எனக்கு வலித்தது அந்தத் துளைதான்.

பம்பரைத் திருப்பிப் போட்டோம். கிழிசலின் குறுக்கே சூடுபோட்டுப் புதைத்த கம்பித் தையல் வரிசையாக நின்றது, ஆஸ்பத்திரியில் போட்டது போல. வெளியே அதன் மேல் தடிமனாகப் பட்டி, அதன் மேல் பெயின்ட். சென்சார் முகத்தில்கூட இழுத்து அடித்திருந்தார்கள், அலறியதில் வியப்பில்லை.

என் மகன்தான் இன்னொன்றைக் காட்டினான். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தில் சிறிய கடிகாரம் போல ஒரு வட்டம் பதிந்திருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்தைக் காட்ட ஓர் அம்பு. என் பம்பரில் நடுவில் 19, அம்பு 6-ஐக் காட்டியது. நான் வண்டி வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு வார்த்தது. என் வண்டியோடு பிறந்த பம்பர் அது.

படங்களோடு பட்டறைக்குப் போனேன். "பழைய ஸ்டாக் சார், கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வரும்" என்றார். கம்பித் தையலும் கம்பெனியிலிருந்தே வருமா என்று கேட்டேன். பையன்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றார். எந்தப் பையன் என்றதும் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்.

அன்று மாலையே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்தேன். முத்திரை குத்திய தாள், பணம் அனுப்பிய பதிவு, அந்த வட்டத்தின் படம் மூன்றும் கையில் இருந்தன. முறையான பில் இருந்திருந்தால் வேலை இன்னும் எளிது. இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், 5 லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணமில்லை. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள் பட்டறைக்காரரே கூப்பிட்டுப் பம்பருக்கும் பிராக்கெட்டுக்குமாக 5,100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதியைக் கேட்டபோது, "பெயின்ட் அடித்தது உண்மைதானே சார்?" என்றார்.

துளையைத் தேய்த்துத் துருவெதிர்ப்புப் பூச்சு அடித்து அடைத்திருக்கிறேன். இந்த முறை உதிரிபாகக் கடைக்கு நானே போய், விலைச்சீட்டு ஒட்டிய பம்பரைப் பில்லோடு வாங்கினேன். கடைக்காரர் முன்னாலேயே பிரித்துத் திருப்பிப் போட்டு வட்டத்தைத் தேடினேன். நடுவில் 25. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நானும் மகனும் அதை மாட்டியும்விட்டோம். பெயின்ட் அடிக்க யாரிடம் கொடுப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. சிவப்பு வண்டி, கறுப்புப் பின்புறத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.