சவர்க்காரத்துக்கு ‘மைக்கா’ வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

தலவாக்கலையில் வீட்டிலிருந்தே சவர்க்காரம் செய்து விற்கிறேன். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, வருகிறவர்களுக்குக் கொடுக்க, வெள்ளையில் நீலம் சுழன்று ஓடுகிற மாதிரி கேட்டிருந்தார்கள். ஹேங்கர் ஸ்வர்ல் என்பார்களே, அது. கலவையை அச்சில் அடுக்கடுக்காக ஊற்றி, வளைத்த கம்பியை இறக்கி மேலும் கீழுமாக இழுக்கவேண்டும். கம்பி போன வழியெல்லாம் கோடு பளிச்சென்று நிற்க, கசியாத நிறம் தேவை. அதற்குத்தான் மைக்கா என்கிற மினுமினுக்கும் கனிமப் பொடி.

பேஸ்புக்கில் ஒரு பக்கம், “காஸ்டிக் சோடாவிலும் மாறாத அசல் மைக்கா” என்று விளம்பரம் போட்டிருந்தது. சாதாரண விலையைவிடக் கூடத்தான். பார்சல் வந்ததும் கூரியர் தம்பியிடம் காசைக் கொடுத்து வாங்கினேன்.

மறுநாள் வெட்டினால், நீலம் மங்கிய ஊதாவாகிக் கிடக்கிறது. கோட்டின் ஓரம் வெள்ளைக்குள் ஊறி, கழுவாத துணிபோல. படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: “அக்கா, அது உங்க ஊர்க் குளிருக்கு அப்படித்தான் வரும்.”

எங்கள் ஊர்க் குளிர் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாதா? தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். காலையில் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்துத்தான் ஊற்றுவோம். சூடு போதாவிட்டால் கலவை சவர்க்காரமாகாமலேயே கெட்டியாகி நம்மை ஏமாற்றும். மேலே சாம்பல்போல வெள்ளைப் படிவும் பூக்கும். ஆனால் குளிர் நீலத்தை ஊதாவாக்காது. சாயத்தின் நிறத்தை மாற்றுவது கலவையிலுள்ள காஸ்டிக் சோடாவின் காரம்.

மிச்சப் பொடியில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் முழுக்க நீலம். கொஞ்ச நேரத்தில் மினுமினுப்பு மட்டும் அடியில் படிந்தது, நீலம் அப்படியே நின்றது. அசல் மைக்கா தண்ணீரில் கரையாது. கேக்குக்குப் போடும் நிறம் மாதிரி ஏதோ ஒரு சாயத்தில் கொஞ்சம் மினுக்குத் தூளைக் கலந்து தந்திருக்கிறார்கள். அதையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். அத்தோடு பிளாக்.

ஒன்று சொல்லவேண்டும், கரையாத பொடி எல்லாமே நல்லது என்றும் இல்லை. நீலத்துக்கு லேபிளில் சிஐ எண்ணை, அதாவது நிறப்பொருளை அடையாளம் காட்டும் ‘கலர் இண்டெக்ஸ்’ எண்ணைக் கேளுங்கள். 77007 அல்ட்ராமரின், காரத்தில் நிற்கும். 77510 இரும்பு நீலம், இன்னும் சவர்க்காரமாகாத கலவையிலேயே பழுப்பாகிவிடும். எண் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். அப்புறம், முழு அச்சில் ஊற்றுமுன் ஒரு கரண்டிக் கலவையில் போட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் எண் 1977. முறைப்பாடு செய்ய பற்றுச்சீட்டுத் தேடினால், கையில் இருந்தது கூரியர் துண்டு மட்டும். அதில் கடைப் பெயரே இல்லை, ஒரு போன் நம்பர், அதுவும் இப்போது வேலை செய்யவில்லை. ஆகவே பணம் கொடுக்குமுன் பெயரோடும் முகவரியோடும் பில் கேளுங்கள்.

அந்தப் பக்கம் பெயரை மாற்றிக்கொண்டு, அதே படங்களோடு இப்போது பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக் குழுக்களில் விளம்பரம் போடுகிறது. லேபிள் இல்லாத சின்ன ஜிப் பை, மேலே தங்க நிற ஸ்டிக்கர். அந்தப் பார்சல் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.