போத்தல் இல்லாத குளியல் பை: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2017 ஆம் ஆண்டு ஆவணி மாதம் லண்டனிலுள்ள அக்காவிடம் போகும் வழியில், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா காய்ச்சி அனுப்பிய தலை எண்ணெயை, இடையில் விமானம் மாறிய ஓர் ஊரின் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டியதாயிற்று. போத்தலில் இருந்தது கால்வாசி எண்ணெய்தான். ஆனால் அது 200 மில்லிலீற்றர் போத்தல். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைக் கைப்பொதித் திரவங்களுக்கான விதி பார்ப்பதில்லை, கலத்தின் கொள்ளளவையே பார்க்கிறது என்பதை அன்றுதான் உறைக்கத் தெரிந்துகொண்டேன். அம்மா இரண்டு நாள் அடுப்படியில் நின்று காய்ச்சிய எண்ணெய் அது. அந்தப் பயணத்திலிருந்து திரும்பியதும், இனிக் கைப்பொதியில் இயன்றவரை திரவமே கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன். அதன்பின் சென்னை, சிங்கப்பூர், லண்டன் என்று இருபத்திரண்டு பயணங்கள் போய்வந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் எது உதவியது, எது கைவிட்டது என்று ஒரு கொப்பியில் குறித்து வந்ததால், இதை நினைவை மட்டும் நம்பி எழுதவில்லை.

விதியின் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. அத்திலாந்திக் கடலைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி ஒன்றை 2006 ஆகஸ்டில் பிரித்தானியப் பொலிஸார் முறியடித்ததைத் தொடர்ந்து இந்தக் கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு கலமும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக் கூடாது. எல்லாக் கலங்களும் ஒரு லீற்றர் அளவுள்ள, திறந்து மூடக்கூடிய, ஒளி ஊடுருவும் ஒரு பைக்குள் அடங்க வேண்டும். பற்பசை, கிறீம், ஜெல், தைலம், நுரை எல்லாமே இந்தக் கணக்கில் திரவம்தான். புதிய வகை ஸ்கேனர்கள் வந்தபின் சில விமான நிலையங்களில் இந்த எல்லை தளர்ந்திருக்கிறது. ஆனால் அத்தகைய தளர்வை அனுமதித்திருந்த ஐரோப்பிய விமான நிலையங்களிலேயே 2024 செப்டெம்பர் 1 அன்று 100 மில்லிலீற்றர் எல்லை சில காலத்துக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டது. கொழும்பிலிருந்து மேற்கே போகிற நமக்கோ பெரும்பாலும் வழியில் ஓரிடத்தில் இறங்கி மறுபடி சோதனைக்குள் நுழைய வேண்டியிருக்கும். போகிற ஊரின் தளர்வு இடையிலுள்ள ஊரில் செல்லாது. எனவே மிகக் கடுமையான சோதனையை மனத்தில் வைத்தே பையைக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் கடைகளில் கண்ட 'திடப் பொருள்' எல்லாவற்றையும் வாங்கிப் பரீட்சித்துப் பணத்தை விரயமாக்கினேன். இரண்டாம் ஆண்டில்தான் ஒரு தெளிவு பிறந்தது. போத்தலில் நாம் வாங்கும் பொருட்களில் பலவற்றின் பெரும்பகுதி தண்ணீர். ஷாம்பூவும் குளியல் ஜெல்லும் அப்படித்தான். தண்ணீர் போகிற ஊரிலும் இருக்கிறது. ஆகவே தண்ணீரை நீக்கிய மிச்சத்தை மட்டும் கொண்டுபோனால் போதும். ஆனால் எண்ணெயே பயனாக இருக்கும் பொருளை அப்படி உலர்த்த முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டபின், எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பது பெரும்பாலும் கடையில் நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது.

சவர்க்காரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் அது எப்போதும் கட்டியாகவே இருந்து வந்திருக்கிறது. வேப்பஞ் சவர்க்காரமோ சந்தனச் சவர்க்காரமோ, 100 கிராம் கட்டி ஒன்றைக் கத்தியால் நான்காக வெட்டி, ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது பத்து நாள் குளியலுக்குப் போதுகிறது. சிக்கல் கடைசி நாளில்தான் வரும். காலையில் குளித்துவிட்டு உடனே புறப்படும்போது துண்டு ஈரமாக இருக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால், கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து திறக்கும்போது களிபோல் குழைந்து கிடக்கும். பல பெட்டிகளை மாற்றிப் பார்த்தபின், வெட்டிய துண்டை இன்னும் இரண்டாக்கி, ஒன்றைக் கடைசி நாள் குளியலுக்கென்று ஒதுக்கி, மிஞ்சினால் அங்கேயே விட்டுவருகிறேன். மற்றதைப் பீர்க்கங்காய் நாரில் தைத்த சிறு பைக்குள் போட்டுக் குளியலறைக் கொக்கியில் தொங்கவிட்டால், முதல்நாள் இரவே காய்ந்துவிடுகிறது.

கூந்தல் விடயத்தில்தான் நான் அதிகம் பாடுபட்டேன். எனக்கு இடுப்பளவு முடி. முதலில் வாங்கிய ஷாம்பூக் கட்டி கையால் செய்தது, தேங்காய் எண்ணெய் மணத்துடன் மிக அழகாக இருந்தது. கொழும்பில் மூன்று மாதம் பாவித்தும் ஒரு குறையும் காணவில்லை. அதை நம்பி லண்டனுக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் நாள் தலை முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, பின்னல் போட வந்த பெறாமகள், "சித்தி, உங்கட தலையில என்ன மெழுகு பூசினீங்கள்?" என்று கேட்டாள். சீப்பின் பற்களுக்கிடையே சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு படிவு ஒட்டியிருந்தது. விரலால் உருட்டினால் திரண்டு வந்தது.

காரணம் கட்டியிலும் இருந்தது, தண்ணீரிலும் இருந்தது. அந்தக் கட்டி உண்மையில் சவர்க்காரம். சவர்க்காரம் கல்சியம் மிகுந்த வன்னீருடன் சேர்ந்தால் நீரில் கரையாத படிவாக மாறும். லண்டனின் குழாய்நீர் வன்னீர். கொழும்புக்கு அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வருவது களனி கங்கையின் மென்னீர். அதனால் வீட்டில் அந்தக் குறை தெரியவே இல்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போனபோது, சுண்ணாம்புக் கற்பாறைக்குள்ளிருந்து ஊறும் எங்கள் கிணற்று நீரிலும் அதே மெழுகுதான் வந்தது. அங்கே சவர்க்காரம் நுரைப்பதற்கு நேரமாவதைச் சிறுவயதிலிருந்தே கண்டிருந்தும், அதை ஷாம்பூக் கட்டியுடன் இணைத்துப் பார்க்க எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இப்போது வாங்குவதற்கு முன் பின்பக்கத்திலுள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்கிறேன். 'சோடியம் பாமேற்று', 'சோடியம் கோகோவேற்று' போன்ற பெயர்கள் முதலில் வந்தால் அது சவர்க்காரம். 'சோடியம் கோகோயில் ஐசெத்தியனேற்று' முதலில் வந்தால் சவர்க்காரம் சேராத கழுவுபொருள், வன்னீரிலும் படிவு தராது, காரத்தன்மையும் குறைவு. இந்த இரண்டாம் வகைக் கட்டியைத்தான் 2019 முதல் பாவிக்கிறேன். விலை கூடுதல்தான், ஆனால் தலையில் நேரே தேய்க்காமல், நனைந்த உள்ளங்கையில் ஏழெட்டுத் தடவை உருட்டி நுரையை மட்டும் எடுத்தால், ஒரு கட்டி எனக்கு நான்கு மாதம் வருகிறது. பழைய வகைதான் கையில் இருக்கிறது என்றால், கடைசிக் கழுவலுக்கு ஒரு பெரிய கோப்பை நீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து ஊற்றினால் படிவு விட்டுப்போகும். அன்று லண்டனில் அக்கா என் தலையை மீட்டது அப்படித்தான்.

பற்பசைக்குப் பதிலாக மாத்திரை. ஒன்றை வாயில் போட்டுக் கடித்து நொறுக்கி, ஈரத் தூரிகையால் துலக்க வேண்டும். முதல் வாரம் சுண்ணாம்பை மென்றாற்போல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. இதில் இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, புளோரைட்டு உள்ளதா என்று பாருங்கள். வழக்கமான பற்பசையில் பத்து இலட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு புளோரைட்டு இருக்கும். 'இயற்கையானது' என்று விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் அது அறவே இல்லை, நம் பழைய பற்பொடிகளிலும் இல்லை. சில நாட்களுக்குப் பரவாயில்லை என்றாலும், மாதக்கணக்கில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது, கொழும்பின் ஈரப்பதன். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் எங்கள் வீட்டில், கடதாசிப் பெட்டியில் வைத்த மாத்திரைகள் வைகாசி மழையில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பாளமாகி, கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது மருந்துக் குப்பிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் சேர்த்து வைத்து, இறுக்கமாக மூடும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அதனுடன் போட்டு வைக்கிறேன். நாளுக்கு இரண்டாகப் பத்து நாளுக்கு இருபது மாத்திரை. தீப்பெட்டி அளவு இடம்தான் பிடிக்கிறது.

வியர்வை நாற்றத்துக்குப் படிகாரம். புறக்கோட்டையில் காபோஸ் ஒழுங்கையின் மருந்துச் சரக்குக் கடையில் கட்டியாக நிறுத்துத் தந்தார்கள். ஓரங்கள் கூராக இருந்ததால் நீரில் கொஞ்சநேரம் உருட்டி மழுக்கிக்கொண்டேன். குளித்த ஈரத்தோடு அக்குளில் தடவ வேண்டும். காய்ந்த தோலில் தேய்த்தால் சுரண்டும். வியர்வையை இது நிறுத்தாது, நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளையே அடக்கும். ஆகவே சேலை ரவிக்கை நனையக் கூடாது என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். லண்டனின் குளிரில் முழு நாளும் தாங்கியது, சென்னையின் சித்திரை வெயிலில் பிற்பகலுக்குள் மறுபடி தடவ வேண்டியிருந்தது. 2018 இல் வாங்கிய கட்டி இன்றும் பாதிக்கு மேல் இருக்கிறது. ஓடு பதித்த தரையில் ஒருமுறை விழுந்து இரண்டாக உடைந்ததுதான் அதற்கு நேர்ந்த ஒரே சேதம். சிறிய பாதியை அத்தானுக்குக் கொடுத்துவிட்டேன். சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டால் இரத்தம் நிற்க அவர் அதைத்தான் வைக்கிறார்.

முகம் கழுவப் பயற்றம்மா கொண்டுபோகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த மாற்று. எண்ணெய்ப் பிசுக்கை இதுபோல் மெதுவாக எடுப்பது வேறொன்றுமில்லை. ஆனால் மாவுக்கும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களில் 2018 ஜூன் 30 முதல், 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் கைப்பொதியில் இருந்தால் தனியாகச் சோதிக்கிறார்கள். அளவு குறைவென்றாலும் பெயரெழுதாத வெள்ளைத் தூள் எந்த ஊரிலும் கேள்வியைக் கொண்டுவரும். ஒருமுறை பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில் திருநீற்றை அக்காவுக்கென்று பத்திரிகைத் தாளில் மடித்துக் கொண்டுபோனபோது, பையை முழுவதும் பிரித்து, பஞ்சுத் துண்டால் துடைத்துப் பரிசோதித்து, ஏறக்குறைய இருபது நிமிடம் என்னை நிறுத்திவைத்தார்கள். அவர்கள் மரியாதையாகவே நடந்தார்கள். ஆனாலும் திருநீறு மேசையில் சிந்தியதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அதன்பின் திருநீற்றையும் பயற்றம்மாவையும் கடைப் பெயர் அச்சிட்ட, ஒட்டிய பொதியாகவே கொண்டுபோகிறேன். பையின் மேற்புறத்தில் வைத்து, கேட்கும் முன்னரே எடுத்துக் காட்டுகிறேன். சீயாக்காய்த் தூளையும் இரண்டு பயணங்களுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தலைக்கு நல்லதுதான், ஆனால் ஹோட்டல் குளியலறையின் நீர்வடி அடைத்துக்கொண்டது. பிறர் வீட்டில் அப்படி ஆகக்கூடாது என்று விட்டுவிட்டேன். அவுஸ்திரேலியா போகிறவர்கள் தாவரப் பொருட்களை அங்கு இறங்கியதும் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

திடமாக மாற்ற முடியாமல் நான் தோற்றவையும் உண்டு. கண்வில்லைக் கரைசலுக்கு மாற்றே இல்லை. வெயிலுக்குப் பூசும் குச்சி எனக்குச் சரிவரவில்லை: போதிய அளவு பூசப்பட்டதா என்று ஒருபோதும் தெரியவில்லை, சென்னையில் கைப்பைக்குள்ளேயே இளகி மூடியில் வழிந்தது. தலைவலித் தைலம் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் பசையென்றே கணக்கு, எனவே அதுவும் ஒளி ஊடுருவும் பைக்குள்தான் போக வேண்டும். தேங்காய் எண்ணெயோ எல்லாவற்றிலும் விசித்திரமானது. ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறைவதால், லண்டன் மாரியில் கல்லாகிவிடுகிறது. ஆனால் கொழும்பில் அது எப்போதும் நீர்போலத்தான், உறைந்திருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான். ஆக, ஒரு லீற்றர்ப் பை என்னிடம் இன்றும் இருக்கிறது. முன்பு பிதுங்கிக்கொண்டிருந்த அதற்குள் இப்போது மூன்று சிறு குப்பிகள் மட்டும் இருக்கின்றன. மருத்துவர் எழுதித் தந்த மருந்துத் திரவங்களுக்கு விலக்கு உண்டென்பதால், அம்மாவுடன் போகும்போது அவற்றை மருந்துச்சீட்டோடு தனியாக வைக்கிறேன்.

கொப்பியில் குறித்தபடி, பத்து நாள் பயணத்துக்கான என் குளியல் பையின் நிறை முன்பு 1 கிலோ 150 கிராம், இப்போது 380 கிராம். 7 கிலோதான் கைப்பொதி என்று தராசில் வைக்கும் விமானங்களில் அந்த வேறுபாடு ஒரு சேலைக்கும் இரண்டு புத்தகங்களுக்கும் இடம் தருகிறது.

அந்தத் தலை எண்ணெயை மட்டும் விட மனம் வரவில்லை. இப்போது அம்மா எண்ணெய் காய்ச்சி அனுப்புவதில்லை. வெந்தயமும் கருஞ்சீரகமும் காயவைத்த செவ்வரத்தம் பூவும் அளவாகக் கலந்து, சிறு பொதியாக ஒட்டி, மேலே தன் கையெழுத்தில் பெயரெழுதித் தருகிறா. "எண்ணெய் அங்க வாங்கலாம் பிள்ளை, பதம் பாக்கிறதுதான் முக்கியம்" என்று சொல்லி, பக்குவத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருந்தா. போன மார்கழியில் அக்காவின் சமையலறையில், அங்கே வாங்கிய தேங்காய் எண்ணெய்க் கட்டியைச் சட்டியில் இளக்கி, அந்தப் பொதியைப் பிரித்துப் போட்டோம். வெந்தயம் சிவந்து மணம் எழுந்ததும், மேல்மாடியிலிருந்து பெறாமகள், "அம்மம்மா வந்திட்டாவோ?" என்று கேட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.