ரெண்டும் 48தான், ஆனால் கடிகாரம் வேறு: கொடை ராத்திரிகளில் ஆறு வருஷம்

நெல்லைப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. ராத்திரி பத்து மணிக்கு வில்லுப்பாட்டு தொடங்கினால் விடியற்காலை நாலு மணி ஆகிவிடும். இப்படி ஆறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒரு ரெக்கார்டரின் லட்சணம் தெரியும்.

முதல் கொடையில் சாம்பிள் ரேட்டிலேயே, அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளப்பது என்ற கணக்கிலேயே, கோட்டை விட்டேன். வில்லுக்கு முன்னால் வைத்த ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடியது, சன்னதிப் பக்கம் வைத்தது 44.1-இல் கிடந்தது. எடிட்டிங் மென்பொருள் இரண்டையும் 48 என்றே எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரப் பாட்டு 55 நிமிஷத்தில் முடிந்தது. சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிட்டது. புலவருக்குப் போட்டுக் காட்டினேன். "இது ஆரு கொரல் தம்பி?" என்று கேட்டார். நாற்பது வருஷமாகப் பாடுகிற மனுஷருக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. அன்றிலிருந்து பதிவு பட்டனைத் தொடுவதற்கு முன் இரண்டு திரையையும் வாய்விட்டுப் படிக்கிறேன்: 48, 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்பது).

96 வைத்தால் தரம் கூடாதா என்று கேட்பார்கள். உடுக்கைக்கும் குடத்துக்கும் மனிதக் காதுக்கும் 48 தாராளம். ஆறு டிராக் பதிவுக்கு மணிக்குச் சுமார் 3.1 ஜிபி ஆகிறது. ராத்திரி முழுக்க எடுத்தாலும் 32 ஜிபி கார்டில் அடங்கிவிடும். 96 என்றால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டியதும், கதை முடியுமுன்னே கார்டு நிறைந்துவிடும்.

அடுத்த வருஷம்தான் நிஜமான பாடம். இரண்டும் 48, இரண்டும் 24 பிட். தொடக்கத்தில் வில்லுக்காரர் தட்டிய தாளக்கட்டைச் சத்தத்தை வைத்து இரண்டு பதிவையும் பொருத்தினேன். கட்டைச் சத்தம் அலைவடிவத்தில் ஊசி மாதிரி நிற்கும். பதிவுகளைப் பொருத்த அதைவிட நல்ல கிளாப் (அடையாளத் தட்டு) கிடையாது. முதல் சில நிமிஷம் அச்சாகப் பொருந்தியது. நடுராத்திரிப் பகுதியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆனது. கடைசி மங்களத்தில் ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்டது. அளந்தால் 0.6 விநாடி வித்தியாசம்.

ஒவ்வொரு ரெக்கார்டருக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதன் துடிப்பை வைத்துத்தான் விநாடிக்கு 48,000 என்று எண்ணுகிறது. ஒரு படிகம் போல இன்னொன்று துடிக்காது. சூடு மாறினால் வேகமும் துளி மாறும். 21,600 விநாடியில் 0.6 என்றால் பத்து லட்சத்துக்கு 28 பங்குதான் பிசகு. சாதாரணப் படிகங்களுக்கு இது பழுதே இல்லை. மூன்று நிமிஷப் பாட்டு எடுப்பவர் இதைக் காணவே மாட்டார்.

இதோடு தூரத்தையும் சேர்த்துக் குழம்பிக்கொள்ளக் கூடாது. சத்தம் ஒரு மீட்டருக்குச் சுமார் 3 மில்லிவிநாடி எடுக்கும். மேடைக்கும் சன்னதிக்கும் 30 மீட்டர் என்றால் 90 மில்லிவிநாடி தாமதம் எப்போதும் இருக்கும். ஆனால் அது வளராது. வளர்ந்துகொண்டே போனால் கடிகாரக் கோளாறு. அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும்.

நாலு வருஷமாக வேர்ட் கிளாக் வசதியுள்ள, அதாவது ஒன்றின் கடிகாரத் துடிப்பிலேயே மற்றதும் ஓடக்கூடிய, இரண்டு ரெக்கார்டர் பெட்டிகளை வைத்திருக்கிறேன். மேடைப் பெட்டி இன்டர்னல் கிளாக்கில் ஓடும்; சன்னதிப் பெட்டியை எக்ஸ்டர்னலில் வைத்து, 75 ஓம் பிஎன்சி கேபிள் வழியாக முதல் பெட்டியின் துடிப்பைக் கொடுக்கிறேன். கேபிள் முனையில் 75 ஓம் டெர்மினேஷன் (துடிப்பு முட்டித் திரும்பாமல் தடுக்கும் மின்தடை) வேண்டும். சாம்பிள் ரேட்டை இரண்டு பெட்டியிலும் தனித்தனியாக வைத்த பிறகுதான் கேபிள் மாட்டுவேன். வெளித் துடிப்பைப் பிடித்துக்கொண்டதைக் காட்டும் லாக் விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்தால்தான் கார்டைப் போடுவேன். டைம்கோடு மட்டும் போதும் என்று வீடியோ எடுக்கும் தம்பிமார் சொல்வார்கள். டைம்கோடு மணி எத்தனை என்று சொல்லுமே தவிர, படிகத்தின் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தாது.

கூட்டம் புழங்கும் இடத்தில் கேபிள் இழுப்பதுதான் பெரும்பாடு. பொங்கல் பானைக்கும் சாமியாடி வரும் வழிக்கும் ஒதுங்கி, மதில் ஓரமாக மண்ணில் புதைத்துக் கொண்டுபோகிறேன். மைக்செட் அண்ணாச்சி தன் ஒயரோடு சேர்த்து அதையும் கண்ணில் வைத்துக்கொள்வார்.

போன ஆடிக் கொடையில் கடைசிக் கட்டைச் சத்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடைக்கும் சன்னதிக்கும் இடையே தொடக்கத்தில் இருந்த அதே 90 மில்லிவிநாடி, விடியற்காலையிலும் அப்படியே இருந்தது. பழைய பதிவுகளை இப்போது ஒவ்வொன்றாக அந்த 28 பங்கு கணக்கில் இழுத்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.