“சிங்கிள் என்றே போட்டுவிடலாம் மேடம்” என்பவர்களிடம் கனடா விண்ணப்பத்தைக் கொடுக்காதீர்கள்

திருமணம் செய்துகொள்ளாமல் ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறீர்கள், கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) விண்ணப்பத்துக்காகச் சென்னையில் ஏஜென்ட் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அண்ணா சாலையில் கண்ணாடிக் கதவும் மேப்பிள் இலைப் படமுமாக இருக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

நானும் என் துணைவரும் 2022 முதல் வேளச்சேரியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். முதல் நாளே இதைச் சொன்னேன். அன்று மாலை மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பினேன். எதிரே இருந்தவர், “அதையெல்லாம் எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும் மேடம். கல்யாணம்தான் ஆகவில்லையே, சிங்கிள் என்றே போட்டுவிடலாம். பாயின்ட்டும் கூடுதலாக வரும்” என்றார். முடியாது என்றேன். “சரி மேடம், உங்கள் விருப்பப்படியே செய்கிறோம்” என்று தலையாட்டிவிட்டு முதல் தவணையை வாங்கிக்கொண்டார். மொத்தக் கட்டணம் 1,25,000 ரூபாய். ரசீதில் கனடா என்ற பெயரே இல்லை. ‘ஆவணச் சேவைக் கட்டணம்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் போட்டு பி.ஆர்.-க்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கனடா அரசின் இணைய முறை. அதில் என் கணக்கை அவர்களுடைய மின்னஞ்சலில் திறந்தார்கள். கடவுச்சொல்லைக் கேட்டபோதெல்லாம் ‘கம்பெனி விதி’ என்று மறுத்தார்கள். பி.ஆர்.-க்கு விண்ணப்பிக்கலாம் என்ற அழைப்பு வந்தது. முழு விண்ணப்பத்தை அனுப்ப 60 நாள் அவகாசம் உண்டு. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தே தீருவேன் என்று நின்று, படிவத்தின் நகலை வாங்கினேன்.

திருமண நிலை: சிங்கிள். குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை: 1. இவற்றைவிட என்னை உலுக்கியது முகவரிப் பக்கம். வேளச்சேரி முகவரியை அடியோடு எடுத்துவிட்டு, நான் திண்டிவனத்தில் பெற்றோர் வீட்டிலேயே இருந்துவருவதாக எழுதியிருந்தார்கள். நான் கொடுத்த வங்கி அறிக்கையிலும் சம்பளச் சீட்டிலும் வேளச்சேரி என்றே இருக்கிறது. கனடா அதிகாரி இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இது கவனக்குறைவு அல்ல. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்யை, உட்கார்ந்து யோசித்து, என் பெயரில் எழுதியிருக்கிறார்கள். கேட்டதற்கு, “இந்தியாவில் இந்த உறவுக்குச் சட்டமே கிடையாது, அதனால் எழுதக் கூடாது” என்று வாதாடினார்கள்.

இது முழுப் பொய். கனடாவின் விதிப்படி, கணவன் மனைவியைப் போன்ற உறவில் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர்கள் ‘காமன்-லா’ துணைகள். தாலி, பதிவுச் சான்றிதழ் எதையும் அந்த விதி கேட்பதில்லை. ஆணும் பெண்ணுமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நம் ஊர்ச் சட்டம் என்ன பெயர் வைக்கிறது என்பது அங்கே கேள்வியே அல்ல. இங்கேயும் வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று நடிகை குஷ்புவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. ஓராண்டு முடிந்த பிறகு சிங்கிள் என்று எழுதினால் அது பொய்த் தகவல். கனடாவின் குடிவரவுச் சட்டம், பிரிவு 40-இன் கீழ் 5 ஆண்டுகள் நுழைவுத் தடை வரலாம்.

தடையில் மாட்டாமல் பி.ஆர். கிடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117(9)(டி) என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் காட்டாமல், அதனால் மருத்துவப் பரிசோதனை போன்றவற்றுக்கு உட்படாமல் போன துணையை, பின்னாளில் குடும்ப ஸ்பான்சர் வழியில் அழைத்துக்கொள்ள முடியாது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு முறைப்படி திருமணம் செய்துகொண்டாலும் இந்தப் பழைய மறைப்பு குறுக்கே வந்து நிற்கும். 2019-இல் ஒரு தற்காலிகச் சலுகை கொண்டுவந்தார்கள். அது அகதிகளையும், குடும்ப ஸ்பான்சர் வழியில் வந்தவர்களையும் மனத்தில் வைத்தது. நம்மைப் போல் வேலைத் தகுதியில் போகிறவர்களுக்கு அதில் இடமில்லை. ஏஜென்டுக்குக் கமிஷன், இங்கே தனியாக நிற்கப்போவது உங்கள் துணை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பாயின்ட் கதையையும் பார்த்துவிடலாம். 20 முதல் 29 வயதுக்குத் தனியாளுக்கு 110, துணையோடு வருபவருக்கு 100 என்பது உண்மை. ஆனால் துணையின் படிப்பு, மொழித் திறன், கனடாவில் வேலை பார்த்த அனுபவம் ஆகியவற்றுக்கு 40 வரை தனியாக உண்டு. தவிர, துணை உண்மையிலேயே உடன் வரவில்லை என்றால் அவரை விண்ணப்பத்தில் காட்டி, ‘உடன் வரவில்லை’ என்று குறித்தாலே மதிப்பெண்ணைத் தனியாளுக்குப் போலத்தான் போடுகிறார்கள். அப்போதும் அவர் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பாயின்ட்டுக்காக, கூடவே வரப்போகிறவரை ‘வரவில்லை’ என்று எழுதச் சொல்பவரையும் நம்பாதீர்கள், அதுவும் பொய்தான்.

எங்களுக்கு இருந்த உண்மையான சிக்கல் ஆதாரம். சென்னையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள், அதுவும் ஒருவர் பெயரில். ஓராண்டைக் காட்ட ஒரு தாள் போதாது. அடுத்தடுத்துப் போட்ட ஒப்பந்தங்கள், இருவர் பெயரிலுமான வங்கிக் கணக்கு, காப்பீட்டில் நாமினி பெயர், ஒரே கதவிலக்கத்துக்கு இருவருக்கும் வந்த தபால்கள் எல்லாவற்றையும் சேர்த்தோம். வீட்டுக்கார அம்மா கோடு போட்ட தாளில், “இவர்கள் இருவரும் 2022 ஜூன் முதல் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்கள். தண்ணீர் லாரிக் காசை மாதாமாதம் இவரோ அவரோ தவறாமல் தருகிறார்கள்” என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். அதை மொழிபெயர்த்து, சான்றுறுதி வாங்கி வைத்திருக்கிறேன். இவற்றோடு ஐ.எம்.எம். 5409 என்ற உறுதிமொழிப் படிவத்தை நோட்டரி முன் இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஏஜென்ட் இந்தப் படிவத்தின் பெயரைக்கூட ஒரு முறையும் சொல்லவில்லை.

உரிமத்தைப் பற்றிக் கேட்டபோது சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டிய ஒரு சான்றிதழைக் காட்டினார்கள். அருகே போய்ப் படித்தேன். ஏதோ பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டதற்கானது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல கனடா வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிகள், ஒன்டாரியோவின் உரிமம் பெற்ற பாராலீகல்கள் (சட்ட உதவியாளர்கள்), குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (பாடம் நடத்தும் கல்லூரி அல்ல, உரிமம் தரும் அமைப்பு) பதிவான ஆலோசகர்கள் ஆகியோருக்கு மட்டுமே அனுமதி. அந்தக் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், காசு இல்லை. உரிமம் உள்ளவர் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் தன் பெயரைப் பிரதிநிதியாகப் போட்டுக் கையெழுத்திடுவார். என் கோப்பில் அந்தப் படிவமே இல்லை. எல்லாவற்றையும் நானே நிரப்பியதுபோல் வைத்திருந்தார்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான்.

அந்த அழைப்பை நிராகரிக்கச் செய்து, பழைய விவரங்களை நீக்க வைத்து, என் சொந்த மின்னஞ்சலில் உண்மையான விவரங்களோடு புதிதாகப் பதிந்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். முதல் நாள் மாலை நான் அனுப்பிய மின்னஞ்சல்தான் இப்போது என் புகாரின் முதுகெலும்பு.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது பணம் கட்டியிருந்தால், இன்றே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குங்கள். திருமண நிலை, குடும்ப உறுப்பினர், முகவரி வரலாறு ஆகிய மூன்று பக்கங்களையும் உங்கள் கண்ணால் பாருங்கள். விண்ணப்பம் போய்விட்டது, அதில் தவறு இருக்கிறது என்றால், கனடா அதிகாரிகள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் கனடா குடிவரவுத் துறையின் வெப் ஃபார்ம் வழியாக விளக்கக் கடிதமும் ஆதாரமும் சேர்த்துத் திருத்தம் அனுப்புங்கள். கடிதத்தை அனுப்புவதற்கு முன், ஆலோசகர் கல்லூரியின் பதிவேட்டில் பெயர் இருக்கும் ஆலோசகர் ஒருவரிடமோ கனடா வழக்கறிஞரிடமோ காட்டிவிடுங்கள்.