‘ஒரே வாரத்தில் வேரோடு’ என்று வருபவரிடம் கோரை மண்டிய தோட்டத்தைக் கொடுக்காதீர்கள்

போன வாரம் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரப் படம் வந்தது. இடது பக்கம் முழங்காலளவு களை மண்டிக் கிடக்கும் நிலம். வலது பக்கம் மாவு மாதிரி பொலபொலவென்று உழுது போட்ட நிலம். மேலே, ‘கோரை, அருகு எதுவானாலும் ஒரே வாரத்தில் வேரோடு அழித்துத் தரப்படும்’ என்று எழுதியிருந்தது. வலது பக்கப் படத்தின் ஓரத்தில் ஒரு முருங்கை தெரிகிறது, அதன் கிளையில் ஒரு பச்சைக் கயிறு. அது எங்கள் முருங்கை. துணி காயப்போட அந்தக் கயிற்றைக் கட்டியது நான்தான்.

அந்தப் படம் எடுத்த பத்தாம் நாள் அதே நிலம் எப்படி இருந்தது என்பதை விளம்பரம் கொடுத்தவர் போடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேரன்மகாதேவி பக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வீட்டுக்குப் பின்னால் 25 சென்ட் காய்கறித் தோட்டம், ஓரத்தில் கிணறு. அத்தை இருந்தவரை கத்தரி, வெண்டை, சீனி அவரை, மிளகாய் எதையும் நாங்கள் கடையில் வாங்கியதில்லை. பொங்கலுக்கு வைக்கும் சிறுகிழங்கும் தோட்டத்திலிருந்தே வரும். அத்தை போன பிறகு நான்கு வருடம் நாங்கள் வெளியூரில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. வேலியோரம் சீமைக்கருவேலம், கிணற்றடியில் அருகம்புல், மீதி இடமெல்லாம் கோரை, மண்ணுக்கு அடியில் கிழங்கு வைத்துப் பரவும் களை.

ஆடிப்பட்டத்துக்குள் நிலத்தைத் தயார் செய்துவிடவேண்டும் என்று எனக்கு ஆசை. அப்போது வைகாசி கடைசி. தெரிந்தவர் ஒருவர் அந்த ஆளின் எண்ணைக் கொடுத்தார். வந்தார், நிலத்தைச் சுற்றிப் பார்த்தார், பேசினார். நன்றாகவே பேசினார். “அக்கா, இதெல்லாம் மம்பட்டி வச்சு வெட்டுத காலமா? நாங்க அடிக்கிற மருந்து இலை வழியாப் போயி கிழங்குக்குள்ள இறங்கிரும். மறுபடி முளைச்சா என்னக் கேளுங்க.” 25 சென்ட்டுக்கு 14,000 ரூபாய். மருந்து, உழவு எல்லாம் சேர்த்து. முன்பணம் 9,000 கேட்டார், ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு, “கம்பெனி மருந்துக்கா” என்றார். அந்த இடத்தில் நான் அழுத்திக் கேட்டிருக்கவேண்டும்.

ஒரு நாள் காலை இரண்டு பையன்கள் வந்து அடித்தார்கள். காலில் செருப்பு இல்லை, முகத்தில் துணி இல்லை. மத்தியானமே கோரை வாடித் தலை சாய்ந்தது. மறுநாள் சாயங்காலம் தோட்டம் முழுக்க வைக்கோல் நிறம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் மீதி 5,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். நான்காம் நாள் டிராக்டர் வந்து, சுழலும் பற்களால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு ஓட்டு ஓட்டியது. அன்றைக்கு எடுத்த படம்தான் அந்த விளம்பரத்தில் இருப்பது.

கார் நெல் பருவத்துக்குக் கால்வாயில் தண்ணீர் திறந்திருந்தார்கள், நிலத்தில் ஈரம் நன்றாக இருந்தது. உழுது ஒரு வாரம் ஆகியிருக்காது, மண்ணுக்கு மேலே பச்சை ஊசி குத்தி வைத்த மாதிரி அங்கங்கே முளை. பத்தாம் நாள் கால் வைக்க இடமில்லை. முன்பு கோரையே இல்லாதிருந்த முருங்கையடியிலும் வந்துவிட்டது. அத்தை பச்சை மிளகாய் போடும் இடம் அது.

போன் செய்தேன். மூன்றாவது நாள் வந்தார். “அது பழைய விதை முளைக்குக்கா, மருந்து விதைக்குப் பிடிக்காது” என்றார். அவர் முன்னாலேயே ஒரு முளையை விரலால் மண்ணைத் தோண்டி மெதுவாக எடுத்துக் காட்டினேன். அடியில் கடலைப் பருப்பளவு கறுப்புக் கிழங்கு, நார் சுற்றிக்கொண்டு. உடைத்தால் உள்ளே வெள்ளை, கோரைக்கிழங்குக்கே உரிய வாசனை. இறந்த கிழங்கு இப்படி இருக்காது. அதைப் பார்த்துவிட்டும் அவர் அசரவில்லை. “அப்ப மல்ச்சிங் ஷீட் போட்டிருவோம், வெயில் படாம அடங்கிரும்” என்றார். இன்னும் 6,500 ரூபாய். பட்டம் தவறுகிறதே என்ற பதைப்பில் அதற்கும் சரி என்றேன்.

மண்ணை மூடி விரிக்கும் 25 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட், மேலே வெள்ளி, அடியில் கறுப்பு. துளை போட்டு 180 கத்தரி நாற்று வைத்தேன். இரண்டு வாரத்தில் ஷீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால் குத்தியது. மற்ற களைகள் இருட்டில் வெளுத்துச் சாகும். கோரையின் குருத்து இறுக்கிச் சுருட்டிய ஊசி முனை, அது ஷீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து அப்புறம்தான் இலை விரிக்கும். சல்லடையான அந்த ஷீட்டைப் பிய்த்து எடுக்க இரண்டு ஆள் கூலி தனி. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

ஷீட்டை எடுத்த அன்று மோட்டார் ரூமுக்குப் பின்னால், கிணற்றிலிருந்து பத்தடி தூரத்தில் இரண்டு காலி பாட்டில் கிடந்தது. லேபிளில் பாராகுவாட் டைகுளோரைடு 24 சதம் என்று இருந்தது. எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பாட்டிலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “மறுநாளே கருகிருச்சா?”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்து. இலையைத் தாண்டிக் கிழங்குக்கு இறங்காது. மண்ணில் விழுந்ததும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். அதனால் மேலே எல்லாம் கருகிப் போக, அடியில் கிழங்கு நல்லபடியாக இருக்கும். இலை வழியாக உள்ளே இறங்கும் மருந்து கிளைபோசேட். அதற்கு அவசரமே கிடையாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் களை மஞ்சளாகும். அதுவரை நிலத்தைக் கிளறக்கூடாது, கிளறினால் மருந்து இறங்கும் வழி அறுந்துபோகும். அப்படியே அடித்தாலும், உறங்கிக் கிடக்கும் கிழங்குக்கு அது போய்ச் சேராது, பிறகு முளைக்கும். அதாவது நான் எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மீதிப் பணத்தைக் கொடுத்தேனோ, அந்த வேகமே சொன்ன வேலை நடக்கவில்லை என்பதற்கு அடையாளம். அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. மூன்றாம் நாளே பணம் கேட்டது அதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர மற்றவர்கள் தெளிக்கக்கூடாது. ‘கிழங்குக்குள் இறங்கும் மருந்து’ என்று யாராவது சொன்னால், மருந்தின் பெயரையும் அந்த உரிமத்தையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், கிணற்றை ஒட்டிய வீட்டுத் தோட்டத்தில் இரண்டுமே வேண்டாம்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது அந்தப் பாட்டில். பாராகுவாட்டுக்கு முறிமருந்து கிடையாது. ஒரு வாய் உள்ளே போனால் போதும், நுரையீரலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து எடுக்க வரும் இடத்தில் அதை வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேங்கை எங்கே கழுவினார்கள் என்று விசாரித்தால், வாய்க்காலில் என்கிறார்கள். ஆடு மாடு குடிக்கிற தண்ணீர். செருப்பில்லாமல் அடித்த அந்த இரண்டு பையன்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களிடம் அது என்ன மருந்து என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

அடுத்த தெருவில், நாங்கள் பெரியம்மை என்று கூப்பிடும் ஓர் அம்மா இருக்கிறார். அத்தை காலத்தில் எங்கள் தோட்டத்தில் களை எடுத்தவர். கேள்விப்பட்டு அவராகவே வந்தார். மம்பட்டியால் ஓரிடத்தில் ஆழமாக வெட்டி, மண்கட்டியைப் புரட்டிப் போட்டு, கையால் உதிர்க்கச் சொன்னார். ஒரு முளையைப் பிடித்துக்கொண்டு போனால் கீழே ஒரு கிழங்கு. அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு தண்டு பக்கவாட்டில் ஓடுகிறது, நாலு விரற்கடை தள்ளி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொரு நூல். பாசிமணி கோர்த்த மாதிரி. “எம்மா, இது சங்கிலியா இருக்குத வரைக்கும் ஒண்ணு முளைச்சா மத்தது தூங்கும். மிஷினு ஓட்டி நீ எல்லாத்தையும் அறுத்துவிட்டுட்ட. இப்ப ஒவ்வொண்ணும் தனித்தனி ஆளு” என்றார். அதிகாரி சொன்னதும் அதேதான். அருகம்புல்லும் அப்படித்தான், துண்டான ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. ரோட்டவேட்டர் நல்ல இயந்திரம்தான். ஆனால் கோரையும் அருகும் உயிரோடு இருக்கும் நிலத்தில் அதை இறக்குவது நாற்று நடுவதற்குச் சமம். முருங்கையடிக்கு அது வந்து சேர்ந்ததும் அந்தப் பற்களில் ஒட்டிய மண்ணோடுதான்.

பெரியம்மை சொன்னபடி 25 சென்ட்டையும் ஒன்றாகச் சுத்தம் செய்யும் எண்ணத்தை விட்டேன். ஐந்து சென்ட் மட்டும் கயிறு கட்டிப் பிரித்தோம். முதலில் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் முளைக்க விட்டோம். முளைத்து இரண்டு வாரத்துக்குள், புதுக் கிழங்கு வைக்கும் முன், களைகொத்தியால் தோண்டிக் கிழங்கோடு எடுத்தோம். மூன்று வாரம் தாண்டினால் அது அடுத்த கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும், நாம் எடுத்த பாடு வீண். மறுபடி தண்ணீர், மறுபடி முளை, மறுபடி எடுப்பு. ஆவணியிலிருந்து, பிசானம் என்ற அடுத்த நெல் பருவத்தின் அடைமழை வரை நான்கு சுற்று. எடுத்த கிழங்கைக் குப்பைக்குழியில் போடவில்லை, போட்டால் எருவோடு திரும்பி வந்துவிடும். தகரத்தில் பரப்பிச் சுருங்கும்வரை காயவைத்து எரித்தோம். நான்காம் சுற்றில் வந்தது, முதல் சுற்றில் வந்ததில் கால் பங்குகூட இருக்காது. கோரைக்கு வெயில் வேண்டும், நிழலில் அது நோஞ்சான் ஆகிவிடும் என்று பெரியம்மை அந்த இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கி நடச் சொன்னார். இப்போது அது தரை தெரியாமல் படர்ந்து கிடக்கிறது. உள்ளே கைவிட்டுத் தேடினால் மெலிந்து வெளுத்த கோரை ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கிறது, அதை வாரத்துக்கு ஒருமுறை பிடுங்குகிறேன்.

மீதி இருபது சென்ட்டில் சித்திரை வெயிலுக்குக் கொத்துக்கலப்பை வைத்துக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடப்போகிறேன். காய்ந்த மண்ணில் புரட்டினால் கிழங்கு மேலே வந்து வெயிலில் வற்றும். ஈரத்தில் புரட்டினால் பலனில்லை.

பணத்தைத் திரும்ப வாங்க முயன்றுகொண்டிருக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். என் கையில் இருப்பது ஜிபேயில் அனுப்பிய 9,000 ரூபாய்க்கான பதிவும், ‘மறுபடி முளைச்சா என்னக் கேளுங்க’ என்று வாட்ஸ்அப்பிலும் அவர் அனுப்பிய ஒரு குரல் செய்தியும்தான். ரொக்கமாகக் கொடுத்த 5,000-க்கும் ஷீட்டுக்கான 6,500-க்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. யாரிடம் வேலை கொடுத்தாலும், மருந்தின் பெயர், மூடி உடைக்காத பாட்டிலின் படம், முளைத்தால் என்ன செய்வார் என்பது மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பாதிப் பணத்தை நாற்பது நாள் கழித்துத் தருவதாகப் பேசுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளை வாசலோடு அனுப்பிவிடலாம். மருந்து அடிக்கும் முன் சந்தேகம் வந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், செலவில்லை.

நேற்று காலை அவர் படம் எடுத்த அதே இடத்தில் நின்று, முருங்கையும் பச்சைக் கயிறும் தெரியும்படி நான் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அந்த இருபது சென்ட்டிலும் கோரை. மூன்று பேர் போன் செய்தார்கள். வீரவநல்லூர் பக்கத்துக்காரர் ஒருவர் ஏற்கெனவே 8,000 முன்பணம் கொடுத்துவிட்டாராம், புதன்கிழமை மருந்து அடிக்க வருகிறார்களாம். அண்ணாச்சி, பாட்டிலைக் கண்ணால் பார்க்காமல் டேங்கில் ஊற்ற விடாதீர்கள், டிராக்டரை உள்ளே விடவே விடாதீர்கள் என்று சொன்னேன். புதன்கிழமை காலையில் நானும் அங்கே போகிறேன்.